அணைத்தாலும் எரியும் விளக்கு

ஃபோர்டு நிறுவனத்தின் எஃப் வரிசை பிக்கப் வண்டிகள் 1977 முதல் அமெரிக்காவில் மிக அதிகமாக விற்கும் பிக்கப்கள். அவற்றில் 1997 முதல் 2003 வரை விற்ற எஃப்-150, 5.4 லிட்டர் வி8 இன்ஜினோடு, இன்றும் ஒஹாயோவிலும் டெக்சாஸிலும் வைக்கோல் கட்டு ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. இருபது வயது தாண்டியும் இழுவையில் குறை இல்லை. டேஷ்போர்டில் மட்டும் ஒரு மஞ்சள் விளக்கு: செக் இன்ஜின்.

அடுத்து நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரிதான். உதிரிபாகக் கடையில் ஸ்கேனரைச் செருகிப் பார்க்கிறார்கள். பி0171, பி0174 என்று இரண்டு கோடுகள், அதாவது பழுதுக் குறியீடுகள். வி8 இன்ஜினின் இரு பக்கங்களிலும் பெட்ரோல் குறைவு, காற்று அதிகம் என்று பொருள். யாரோ ஒருவர் "ஆக்சிஜன் சென்சர் போயிருக்கும்" என்கிறார். இந்த வண்டியில் அப்படிப்பட்ட சென்சர் நான்கு. இரண்டை மாற்றி, கோடுகளை அழித்து, விளக்கு அணைந்த நிம்மதியில் வீட்டுக்குப் போகிறார்கள். சில நாளில் மறுபடி எரிகிறது. மீதி இரண்டையும் மாற்றுகிறார்கள். அதற்கும் மசியாது.

விளக்கு திரும்பி வருவதைத் தொல்லையாகத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தனை நாளில் வந்தது, குளிரிலா வெயிலிலா, நின்றுகொண்டிருந்தபோதா மலை ஏறும்போதா என்று கேட்கத் தொடங்கினால் அதைவிட நல்ல தடயம் கிடையாது. அழிக்கும் பொத்தானை அவசரப்பட்டு அழுத்துகிறவர் அந்தத் தடயத்தைத் தன் கையாலேயே துடைத்துவிடுகிறார்.

இதைப் புரிந்துகொள்ள, விளக்கு ஏன் அங்கே இருக்கிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதன் பூர்வீகம் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்துப் புகைமூட்டம். 1940-களிலிருந்தே அந்த ஊர்க்காரர்கள் கண் எரிச்சலோடு வாழ்ந்தார்கள். காரணம் யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. கால்டெக் நிறுவனத்தில் அன்னாசிப் பழத்தின் மணம் எதனால் வருகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்த வேதியியலாளர் ஆரி ஹாகன்-ஸ்மிட், 1950-களின் தொடக்கத்தில் அதே கருவிகளை ஊர்க் காற்றின் பக்கம் திருப்பினார். வண்டிகளும் எண்ணெய் ஆலைகளும் கக்கும் ஹைட்ரோகார்பன்களும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் வெயிலில் வினைபுரிந்து ஓசோனை உண்டாக்குகின்றன என்று காட்டினார். 1967-இல் கலிஃபோர்னியா மாநிலம் காற்றுவள வாரியம் அமைத்தபோது அதன் முதல் தலைவரும் அவர்தான்.

ஆலையிலிருந்து வரும்போது சுத்தமாக இருக்கும் வண்டி பத்து வருடம் கழித்தும் அப்படியே இருக்கும் என்பதற்கு என்ன உத்தரவாதம்? வண்டியே தன்னைக் கண்காணிக்கட்டும் என்று வாரியம் முடிவெடுத்தது. 1988 மாடல் முதல் கலிஃபோர்னியாவில் அது எளிய வடிவில் வந்தது. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு பிளக், ஒரு மொழி. பல வண்டிகளில் இரண்டு முனைகளை ஒரு கம்பித்துண்டால் இணைத்துவிட்டு, விளக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணித்தான் கோடைப் படித்தார்கள். 1996 மாடல் முதல் அமெரிக்காவின் எல்லாக் கார்களுக்கும் சிறு லாரிகளுக்கும் ஒரே ஏற்பாடு கட்டாயமானது: ஓபிடி-2. ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 முனை கொண்ட ஒரே வகை சாக்கெட். எல்லாக் கம்பெனிக்கும் பொதுவான கோடுகள். இந்தியாவிலும் இதே வம்சம் கார்களில் நுழைந்து, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதிகளோடு மோட்டார் சைக்கிள் வரை வந்துவிட்டது.

ஆகவே அந்த விளக்கு காவல் காப்பது வெளியே இருக்கும் காற்றை. புகை அளவு சட்டம் அனுமதித்ததைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கைத் தாண்டும் அளவுக்கு ஏதாவது பழுதானால் எரிய வேண்டும் என்பதே அதற்கு இடப்பட்ட அடிப்படை விதி. "வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது, பிறகெதற்கு விளக்கு?" என்று கேட்பவருக்கு இதுதான் பதில். இழுவை, மைலேஜ், சத்தம் எதிலும் வித்தியாசம் தெரியாமலே விதியை மீறிக்கொண்டிருக்கலாம். ஆயில் பிரஷர் விளக்கு வேறு சாதி. அது எரிந்தால் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும்.

இனி, விளக்கு எப்படி முடிவெடுக்கிறது என்பது. இன்ஜினை நடத்தும் கணினியை மெக்கானிக்குகள் ஈசிஎம் என்கிறார்கள். அது ஒருமுறை குறையைப் பார்த்ததும் விளக்கைப் போட்டுவிடாது. பெரும்பாலான குறைகளை முதல் பயணத்தில் சந்தேகமாகக் குறித்துவைக்கும்; அடுத்த பயணத்திலும் அதே குறை தென்பட்டால்தான் விளக்கு. குறை வந்த கணத்தில் இன்ஜின் வேகம், சூடு, சுமை, வண்டியின் வேகம் ஆகியவற்றையும் ஒரு படம்போல உறையவைத்துச் சேமிக்கும். ஃப்ரீஸ் ஃப்ரேம் என்று ஸ்கேனரில் தெரிவது அதுதான். பிறகு மூன்று பயணங்கள் தொடர்ந்து குறை தென்படாவிட்டால் விளக்கு தானாகவே அணையும். இன்ஜின் 40 முறை குளிர்ந்து சூடேறிய பிறகு கோடும் அழிந்துவிடும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. பெட்ரோல் கலவை, மிஸ்ஃபயர் (ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் போவது) ஆகிய இரண்டிலும் "குறை இல்லை" என்று ஒப்புக்கொள்ள ஈசிஎம் அதே சூழலை மறுபடி பார்க்க விரும்பும். குறை வந்தபோது இருந்த இன்ஜின் வேகத்திலிருந்து நிமிடத்துக்கு 375 சுற்றுகளுக்குள், ஏறக்குறைய அதே சுமையில், அதே சூட்டு நிலையில் இன்ஜின் ஓடியிருக்க வேண்டும். பாரவண்டியை இழுத்துக்கொண்டு மலை ஏறும்போது எரிந்த விளக்கு, ஊருக்குள் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தால் சீக்கிரம் அணையாது. பழுது தீர்ந்தும் விளக்கு எரிகிறதே என்று திகைப்பவர்கள் பலர் இந்த விதியில் மாட்டியவர்கள்.

நம் எஃப்-150-க்கு வருவோம். பி0171 என்றால் ஈசிஎம் உண்மையில் என்ன பார்த்தது? பெட்ரோல் குறைந்ததை அது பார்க்கவில்லை. அதைப் பார்க்கும் கண் அதற்கு இல்லை. அதனிடம் இருப்பது சிர்கோனியா என்ற பீங்கானால் செய்த ஆக்சிஜன் சென்சர். 1976-இல் போஷ் நிறுவனம் செய்து வோல்வோ கார்களில் முதன்முதலாக வந்த சாதனம். அதன் ஒரு முகம் புகைக்குழாய்க்குள், மறுமுகம் வெளிக்காற்றில். சுமார் 300 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானதும் இரு பக்கமும் உள்ள ஆக்சிஜன் வித்தியாசத்துக்கு ஏற்ப மின்னழுத்தம் தரும். புகையில் ஆக்சிஜன் மிச்சம் இருந்தால் ஏறக்குறைய 0.1 வோல்ட், இல்லாவிட்டால் 0.9 வோல்ட்.

பெட்ரோல் முழுமையாக எரிய ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். புகையில் ஆக்சிஜன் மிஞ்சினால் ஈசிஎம் இன்ஜெக்டரைச் சற்றுக் கூடுதல் நேரம் திறந்து பெட்ரோலைக் கூட்டும், மிஞ்சாவிட்டால் குறைக்கும். கணக்கிட்டதைவிட எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்க நேர்ந்தது என்பதுதான் ஃபியூயல் ட்ரிம். உடனுக்குடன் மாறுவது ஒன்று, நாள்பட்ட பழக்கத்தைக் காட்டுவது இன்னொன்று. நல்ல இன்ஜினில் இரண்டும் பூஜ்யத்தை ஒட்டிச் சில சதவீதத்துக்குள் ஆடும். கூட்டிக் கூட்டிப் பார்த்தும் ஆக்சிஜன் மிச்சமிருக்கிறது, திருத்தம் 25 சதவீதத்தை நெருங்கிவிட்டது, இதற்குமேல் என்னால் முடியாது என்று ஈசிஎம் கையை விரிக்கும் இடம்தான் பி0171. வரம்பு வண்டிக்கு வண்டி சற்று மாறும்.

எனவே சென்சர் "ஆக்சிஜன் அதிகம்" என்று சரியாகச் சொல்லிக்கொண்டிருக்க, சொன்னதற்காக அதையே கழற்றி எறிவது என்ன நியாயம்? பார்ட்டைத் தூக்கி மாட்டிப் பார்க்கும் வைத்தியத்தில் எனக்குள்ள முதல் கோபம் இதுதான். சில நூறு டாலர் போவது இரண்டாவது.

இரண்டு கோடுகளும் சேர்ந்து வந்ததே பாதி விடை. வி8 இன்ஜினில் நான்கு சிலிண்டர் ஒரு பக்கம், நான்கு மறுபக்கம். ஒவ்வொரு பக்கத்துக்கும் தனிப் புகைக்குழாய், தனிச் சென்சர்கள். இரு பக்கத்துச் சென்சர்களும் ஒரே வாரத்தில் ஒரே மாதிரி பொய் சொல்வது அரிது. இரு பக்கத்துக்கும் பொதுவானவற்றில்தான் பழுது இருக்க வேண்டும்: உள்ளே வரும் காற்று அல்லது வந்துசேரும் பெட்ரோல். பி0171 மட்டும் தனியே வந்திருந்தால் கதை வேறு. ஃபோர்டு கணக்கில் முதல் பக்கம் என்பது ஓட்டுநருக்கு அடுத்த இருக்கை இருக்கும் பக்கம். அங்கே உள்ள ஓர் இன்ஜெக்டரையோ, புகைக்குழாய் ஒழுக்கையோ தேட வேண்டும். குளிர்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் மாநிலங்களில் இந்த இன்ஜினின் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் துருவேறி ஒடிவது பிரசித்தம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டிக் டிக் என்று சத்தம் வந்து, சூடானதும் மறையும். அந்த இடைவெளி வழியே வெளிக்காற்று உள்ளே நுழைந்து சென்சரைத் தொட்டால், கலவை சரியாக இருந்தாலும் அது ஆக்சிஜனைக் கண்டுவிடும்.

காற்றா, பெட்ரோலா என்று பிரிக்கும் சோதனைக்கு எதையும் கழற்ற வேண்டியதில்லை. ஸ்கேனரில் ட்ரிம் எண்களை வைத்துக்கொண்டு, முதலில் இன்ஜினை ஐடிலில் விட்டுப் பார்க்க வேண்டும். பிறகு 2,500 சுற்றுக்கு ஏற்றிப் பிடித்துப் பார்க்க வேண்டும். பிறகு சாலையில் சுமையோடு.

இன்ஜினுக்குள் போகும் காற்றை வாசலிலேயே எடைபோடுவது மாஃப் சென்சர். சூடான மெல்லிய கம்பியை ஓடும் காற்று எவ்வளவு குளிரவைக்கிறது என்பதை வைத்து அது கணக்கிடுகிறது. அதைத் தாண்டிய பிறகு ஒரு ஹோஸில் விரிசல் இருந்தால், அதன் வழியே நுழையும் காற்று எடைக்கு வராது. 5.4 லிட்டர் இன்ஜின் ஐடிலில் விநாடிக்குச் சுமார் 5 கிராம் காற்றை இழுக்கும். கணக்கில் வராத ஒரு கிராம் சேர்ந்தால் 20 சதவீதப் பிழை. 2,500 சுற்றில் இன்ஜின் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். விரிசல் வழியே வருவதோ ஏறக்குறைய அதே ஒரு கிராம்தான். ஒரு குடம் தண்ணீரை வாய்க்காலில் கொட்டினால் தெரியும், ஆற்றில் கொட்டினால் தெரியாது. ஆகவே ஐடிலில் ட்ரிம் 20, 25 என்று நின்று, வேகத்தைக் கூட்டியதும் ஒற்றை இலக்கத்துக்கு இறங்கினால் அது வேக்குவம் லீக். மாறாக ஐடிலில் ஒழுங்காக இருந்து, பாரத்தோடு மேடு ஏறும்போது ட்ரிம் உயர்ந்தால் பெட்ரோல் போதவில்லை. சேஸிஸில் மாட்டியிருக்கும் பெட்ரோல் ஃபில்டர் அடைப்பாக இருக்கலாம், பம்ப் தளர்ந்திருக்கலாம். மாஃப் கம்பியில் அழுக்குப் படிந்து காற்றைக் குறைத்துச் சொன்னாலும் ஏறக்குறைய இதே தோற்றம்தான். எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்ட வண்டிகளில் இதைச் சந்தேகிக்கலாம். அதற்கென்றே விற்கும் ஸ்பிரேயால் கழுவிப் பார்ப்பது மலிவு. பம்ப்பை மாற்றுவதற்கு முன் செய்ய வேண்டியது.

நம் வண்டியில் ஐடிலில்தான் ட்ரிம் ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம். உறைந்த படமும் அதையே சொல்கிறது: வண்டி நின்றிருக்கிறது, 700 சுற்று, இன்ஜின் இன்னும் முழுச் சூடு ஏறவில்லை. இந்த வயது எஃப்-150-களில் முதலில் விரல் போக வேண்டிய இடம் த்ராட்டில் பாடிக்குப் பின்னால் இருக்கும் முழங்கை வடிவ ரப்பர் ஹோஸ். பிஸ்டன்களைத் தாண்டி இன்ஜினின் அடிவயிற்றுக்குள் கசியும் புகையை வெளியே விடாமல் மறுபடி எரிக்க அனுப்பும் பிசிவி பாதையின் ஒரு பகுதி அது. ஆயில் ஆவியும் இன்ஜின் சூடும் சேர்ந்து அந்த ரப்பரைக் களிபோல் மென்மையாக்கிவிடும், உள்ளே இருக்கும் உறிஞ்சல் அதைச் சப்பையாக்கும், கடைசியில் கிழியும். கிழிசல் பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருப்பதால் மேலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும். விலை சில டாலர்.

அது நன்றாக இருந்தால் ஒர்க்‌ஷாப்பில் ஸ்மோக் மெஷின் வைத்துப் பார்ப்பார்கள். எண்ணெயைச் சூடாக்கி வரும் வெண்புகையை, இன்ஜின் ஓடாத நிலையில், மெல்லிய அழுத்தத்தில் இன்டேக் வழியே செலுத்துவார்கள். ஓட்டை எங்கே இருந்தாலும் அங்கிருந்து புகை எழும். ஓடுகிற இன்ஜின் மேல் கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி, ஆர்பிஎம் மாறுகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் உண்டு. சூடான மேனிஃபோல்டுக்குப் பக்கத்தில் எளிதில் தீப்பற்றும் திரவம்; நான் பரிந்துரைக்க மாட்டேன். ரப்பரும் கேஸ்கெட்டும் குளிரில் சுருங்கி வழிவிட்டு, சூட்டில் விரிந்து அடைத்துக்கொள்ளும் என்பதால், இந்தச் சோதனை எதுவானாலும் ஆறிய இன்ஜினில் செய்வதே உத்தமம். மதியம் வெயிலில் ஓட்டிக்கொண்டு போய் "ஒன்றும் இல்லை" என்ற சான்றிதழோடு திரும்புகிறவரின் விளக்கு மறுநாள் காலை எரியும்.

இந்த இரண்டு கோடுகளுக்கு வெளியே, திரும்பி வரும் விளக்கின் கால இடைவெளியே பல சமயம் ஆளைக் காட்டிக்கொடுக்கும். ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே வந்தால் அறுந்த வயர், செத்த சென்சர் போன்ற மின்சாரக் குறை. ஈசிஎம் இடைவிடாமல் கண்காணிப்பது அது. ஒரு வாரம், இரண்டு வாரம் எடுத்து வந்தால் பெட்ரோல் டேங்க் ஆவி கசிவைச் சந்தேகிக்கலாம். அந்தச் சோதனையை ஈசிஎம் நினைத்த நேரத்தில் நடத்துவதில்லை. வண்டி பல மணி நேரம் ஆறி நின்றிருக்க வேண்டும், டேங்க் காலியாகவும் இருக்கக் கூடாது, நிரம்பியும் இருக்கக் கூடாது. எல்லாம் கூடி வரும் ஒரு காலையில், டேங்க்கை மூடி அழுத்தம் மாறுகிறதா என்று பார்க்கும். ஆரம்பத்தில் 1 மில்லிமீட்டர் ஓட்டையைக் கண்டுபிடிக்கச் சொன்ன விதி, 2000 மாடலிலிருந்து படிப்படியாக அரை மில்லிமீட்டருக்கு இறங்கியது. டேங்க் மூடியின் ரப்பர் வளையம் வெடித்தாலே போதும். மண் சாலையில் ஓடும் பிக்கப்களில், கீழே தூசியில் குளிக்கும் வென்ட் வால்வும் அடைத்துக்கொள்ளும்.

மழை பெய்தால் வருகிறது என்றால் மிஸ்ஃபயர். கிராங்க் ஷாஃப்ட்டின் சுழற்சியில் ஒரு நொடித் துண்டில் ஏற்படும் தளர்வை வைத்து எந்தச் சிலிண்டர் எரியவில்லை என்று ஈசிஎம் எண்ணும். இந்த இன்ஜினில் ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்கும் ஆழமான குழிக்குள், தலைக்குமேல் தனிக் காயிலோடு உட்கார்ந்திருக்கிறது. குழியில் தண்ணீரோ, ஒழுகும் ஹீட்டர் ஹோஸிலிருந்து கூலன்ட்டோ இறங்கினால் மின்பொறி குறுக்குவழியில் ஓடிவிடும். எரியாத சிலிண்டர் தன் ஆக்சிஜனை அப்படியே புகைக்குழாய்க்குள் தள்ளும்; அதைக் கண்ட சென்சர் பெட்ரோல் போதவில்லை என்று ஈசிஎம்மை நம்பவைக்கும். மிஸ்ஃபயர் கோடும் பெட்ரோல் குறைவு என்னும் கோடும் சேர்ந்து வந்தால் எது எதனால் என்று யோசிக்காமல் பட்டியலின் முதல் வரியிலிருந்து தொடங்கக் கூடாது.

விளக்கு நிலையாக எரியாமல் விட்டு விட்டு மின்னினால் மட்டும் தாமதிக்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் அங்கே எரிகிறது, அதன் உட்கூடு உருகிவிடலாம் என்று பொருள். பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய அந்தப் பாகம் இந்தக் கதையிலேயே விலை உயர்ந்தது. அதன் திறன் குறைந்துவிட்டது என்று சொல்லும் பி0420 கோடு வந்ததும் அதை மாற்றிவிடச் சொல்லும் ஒர்க்‌ஷாப்கள் உண்டு. அதைக் கெடுத்த மிஸ்ஃபயரையோ ஆயில் கசிவையோ சரிசெய்யாமல் புதியதை மாட்டினால் புதியதும் அதே வழியில் போகும்.

நம் எஃப்-150-இன் ஹோஸை மாற்றியாயிற்று. வேலை முடிந்ததா என்பதற்கு அணைந்த விளக்கு சாட்சியாகாது; அழித்தால் யாருக்கும்தான் அணையும். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து, சூடேறி வரும்வரை ட்ரிம்மைப் பார்க்க வேண்டும். முன்பு 25-இல் நின்ற இடத்தில் இப்போது பூஜ்யத்தை ஒட்டி ஆடினால் விளக்கைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கோடை அழிக்காமல் விட்டாலும், மேலே சொன்ன கணக்குப்படி தானே போய்விடும்.

அழித்தால் இன்னொரு சங்கடமும் உண்டு. கோடுகளோடு சேர்ந்து, எந்தெந்தச் சோதனைகளை ஈசிஎம் முடித்திருக்கிறது என்ற பதிவும் துடைக்கப்படும். கேட்டலிஸ்ட், டேங்க் ஆவி, ஆக்சிஜன் சென்சர் எல்லாம் "முடியவில்லை" என்று காட்டும். பேட்டரியைக் கழற்றினாலும் இதே கதி. முதல் நாள் அழித்துவிட்டு மறுநாள் அரசு விதித்த புகைச் சோதனைக்கு வண்டியைக் கொண்டுபோகிறவரை, விளக்கு எரியாவிட்டாலும் திருப்பி அனுப்புவார்கள். 2010 மாடல் வாக்கில் தொடங்கி வந்த வண்டிகளில் ஸ்கேனரால் அழிக்கவே முடியாத நிரந்தரக் கோடுகளும் சேர்ந்தன. பழுது நீங்கியதைத் தானே சோதித்து உறுதிசெய்த பிறகுதான் ஈசிஎம் அவற்றை விடுவிக்கும்.

பழைய எஃப்-150-இல் அந்தப் பூட்டு இல்லை. ஆகவே இப்படியொரு வண்டியை வாங்கப் போகிறவர் இரண்டு விஷயம் பார்க்கலாம். சாவியைத் திருப்பியதும், ஸ்டார்ட் செய்வதற்கு முன், செக் இன்ஜின் விளக்கு ஒரு தடவை எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைக் கழற்றியிருக்கலாம். பிறகு ஒரு மலிவான ஸ்கேனரைச் செருகி, முடிந்த சோதனைகளின் பட்டியலைத் திறக்க வேண்டும். கோடு ஒன்றுமில்லை, ஆனால் பட்டியல் முழுக்க "முடியவில்லை" என்று இருந்தால், பேட்டரி எப்போது மாற்றினீர்கள் என்று விற்பவரைக் கேட்கலாம்; சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி வந்து பார்க்கிறேன் என்றும் சொல்லலாம்.